அந்தப்புரத்தின் தலையில் ஏற்றிய பழி

காரைக்குடியில் அண்மையில் நடந்த ஒரு வரலாற்றுக் கூட்டத்தில் மூத்த பேச்சாளர் ஒருவர் பேசினார். பேசியதை விரித்துக் கட்டுரையாகவும் அச்சிட்டுப் பலருக்குக் கொடுத்திருக்கிறார். சேதுநாடும் அதிலிருந்து பிரிந்த சிவகங்கைச் சீமையும் கெட்டது அரண்மனைப் பெண்களால்தான் என்பது அவர் வாதம். பாதிரியார் ஒருவரின் தலை உருண்டது கைவிடப்பட்ட ஒரு மனைவியின் வன்மத்தால். சேதுநாடு உடைந்தது ஆசைநாயகிக்குப் பிறந்த மகனால். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மடிந்தது இளைய ராணியின் மயக்கத்தால். சிவகங்கை ஜமீன் பாழானது ஏழு மனைவியரின் கோர்ட்டுச் சண்டையால். கடைசியில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியையும் அவனுடைய ஆசைநாயகிகளையும் சாட்சிக்கு அழைத்து, உலகம் முழுவதும் இதுதான் கதை என்று முடித்தார். கூட்டம் கைதட்டியது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்த வாதம் அவர் ஒருவருடையதாக இருந்தால் விட்டுவிடலாம். இது நம் ஊர்த் திண்ணைகளிலும் மேடைகளிலும் தலைமுறை தலைமுறையாக ஓடிவருவது. அதனால்தான் விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. அவர் சொன்ன நான்கும் தவறு. அவற்றை ஒன்றாகக் கட்டும் முடிவு அதைவிடப் பெரிய தவறு.

முதலாவது குற்றச்சாட்டு, ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். சேதுபதி மரபைச் சேர்ந்த தடியத் தேவர் அவரால் கிறிஸ்தவத்தைத் தழுவினார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி, சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரசரிடம் போய் முறையிட்டார். இவ்வளவுதான் அந்தப் பெண் செய்தது. கணவன் வீட்டை விட்டு ஒரு காலைப்பொழுதில் வெளியேறச் சொல்லப்பட்ட பெண் பிறந்த வீட்டாரிடம் நியாயம் கேட்டுப் போனதை நம் பேச்சாளர் வன்மம் என்கிறார். எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் அதற்குப் பெயர் முறையீடு. அதைக் கேட்டுக்கொண்ட கிழவன் சேதுபதி தம் கணக்கில் இன்னொன்றையும் வைத்திருந்தார். தடியத் தேவர் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய கிளையில் வந்தவர். அப்படிப்பட்டவர் பின்னால் புதிதாக ஒரு கூட்டம் திரள்வதை எந்த மன்னர் பொறுப்பார்? மரண தண்டனையை விதித்தது அரசர், நிறைவேற்றியது அரசரின் ஆட்கள். பழி மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலாயியின் மேல் நிற்கிறது.

கிழவன் சேதுபதியின் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு பேசியவர் அதே குடும்பத்தின் இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட்டார். 1710இல் அந்த மன்னர் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையேறினார்கள் என்று இயேசு சபைப் பாதிரியாரின் கடிதம் பதிந்திருக்கிறது. அரசரின் உயிர் போன நாளில் தம் உயிரையும் இழக்க வேண்டியிருந்த இந்தப் பெண்களின் கையில் நாட்டின் தலைவிதி இருந்தது என்று ஒருவர் மேடையேறிச் சொல்கிறார். நாற்பத்தேழு பேரைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் அந்த அரண்மனையின் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வரலாறு ஆகாது. அது இரக்கமற்ற செயல்.

இரண்டாவது குற்றச்சாட்டு, பவானி சங்கரன். கிழவன் சேதுபதிக்கும் முறைப்படி மணக்காத பெண் ஒருத்திக்கும் பிறந்தவன். தாயின் நிலையைக் காட்டி அவனுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. விஜயரகுநாத சேதுபதி பட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பின் பட்டமேறிய தண்டத் தேவரைப் பவானி சங்கரன் தஞ்சை மராத்தியரின் படையுதவியோடு கொன்று அரியணையைப் பிடித்தான். உதவிக்கு விலையாகப் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தான், தரவில்லை. நாலுகோட்டைப் பாளையத்துச் சசிவர்ணத் தேவரின் உரிமையையும் பறித்தான். சசிவர்ணரும் சேதுபதி மரபைச் சேர்ந்த கட்டையத் தேவரும் அதே தஞ்சைக்குப் போய் அதே நிலத்தை விலையாகப் பேசிப் படை கொண்டுவந்தார்கள். 1730இல் பவானி சங்கரன் தோற்றான். சேதுநாட்டை ஐந்து கூறாக்கி இரண்டைச் சசிவர்ணர் பெற்றார். அதுதான் சிவகங்கைச் சீமை.

இந்த வரிசையில் பெண் எங்கே வருகிறாள்? பிறப்பைக் காட்டிப் பட்டத்தை மறுத்தவர்கள் ஆண்கள். தஞ்சையிடம் பேரம் பேசியவர்கள் ஆண்கள். வாக்குத் தவறியவன் ஆண். நாட்டைக் கூறுபோட்டவர்களும் ஆண்கள். பவானி சங்கரனைப் பெற்றவள் செய்த ஒரே காரியம் அவனைப் பெற்றதுதான். அரசன் ஒரு பெண்ணை மணமுடிக்காமல் வைத்துக்கொண்டான். அவளுக்குப் பிறந்த பிள்ளைக்கு உரிமையில்லை என்று அவன் அவையே சொன்னது. அந்த அநீதியிலிருந்து ஒரு போர் முளைத்தது. அதன் பொறுப்பை அந்தப் பெண்ணிடம் எழுதுவது எந்தக் கணக்கு? வரவு யாருடையதோ செலவும் அவருடையது என்பது வட்டிக்கடைப் பையனுக்கும் தெரிந்த விதி.

சரி, ஒரு பெண்ணின் உறவால் நாடு உடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அளவுகோலைப் பேச்சாளர் முழுவதும் பயன்படுத்தட்டும். சசிவர்ணத் தேவர் எப்படி இவ்வளவு வலிமை பெற்றார்? விஜயரகுநாத சேதுபதியின் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்ததால். ஆயிரம் போர்வீரரை வைத்துக் காப்பதற்குரிய வரியில்லா நிலமும், பிரான்மலை, திருப்பத்தூர், சோழபுரம், திருப்புவனம் கோட்டைகளின் பொறுப்பும் அந்தத் திருமணத்தோடு வந்தவை. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபு எழுந்ததும் கிழவன் சேதுபதி காதலி நாச்சியாரை மணந்து, அவர் உடன்பிறந்தவரான ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்குத் தலைவராக்கியதிலிருந்துதான். ஒரு சீமை பிறந்தது ஒரு திருமணத்தால். பக்கத்து அரசு பிறந்தது இன்னொரு திருமணத்தால். உடைந்ததற்குப் பெண் காரணம் என்றால் உருவானதற்கும் பெண்ணே காரணம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆக்கத்தில் மன்னரின் மதிநுட்பத்தையும் அழிவில் பெண்ணின் மயக்கத்தையும் பார்ப்பதற்குப் பெயர் ஓரவஞ்சனை.

கடைசியில் எட்டாம் ஹென்றியை அவர் சாட்சிக்கு அழைத்ததையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். அந்தச் சாட்சி அவருக்கு எதிராகவே பேசுகிறது. ஹென்றியின் ஆசைநாயகி எலிசபெத் பிளவுன்ட் 1519இல் ஒரு மகனைப் பெற்றாள். ஹென்றி பிட்ஸ்ராய் என்று பெயரிட்டு, ஆறு வயதில், 1525இல் அவனை ரிச்மண்ட் கோமகனாக்கினார் மன்னர். 1536இல், பதினேழு வயதில், அவன் இறந்தான். தாய்க்கு என்ன நடந்தது? மன்னர் விலகியபின் கில்பர்ட் டெயில்பாய்ஸ் என்பவருக்கு மணம் செய்து வைக்கப்பட்டாள். அவர் 1530இல் இறந்ததும் எட்வர்ட் கிளின்டனை மணந்தாள். இரு கணவர்களுக்கும் பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தி, மறைந்தாள். அவளால் இங்கிலாந்தின் ஒரு கிராமமும் அழியவில்லை. ஹென்றி மணந்த அன்னி பொலினின் சகோதரி மேரியும் மன்னரின் ஆசைநாயகியாக இருந்தவள். முதல் கணவர் நோயில் இறந்தபின், 1534இல் வசதியில்லாத ஒருவரைத் தன் விருப்பப்படி மணந்தாள். அந்தக் குற்றத்துக்காக அரசவையை விட்டு விரட்டப்பட்டாள். ரோமோடு உறவை முறித்தது, மடங்களைக் கலைத்து நிலத்தை எடுத்தது, மனைவியர் இருவரைத் தலை வெட்டியது எல்லாம் மன்னரும் அவர் அமைச்சரும் நாடாளுமன்றமும் செய்தவை. அரசரின் படுக்கைக்கு வந்த பெண் அரசைக் கைக்கொண்டாள் என்ற கதைக்கு எலிசபெத் பிளவுன்டும் மேரி பொலினும் சாட்சியாக வரமாட்டார்கள். கொடுத்து வாங்கப்பட்டவர்கள் அவர்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு என்னை மிகவும் வருத்தியது. 1772 ஜூன் 25, காளையார்கோவில். இளைய ராணி கௌரி நாச்சியாரோடு மன்னர் முத்துவடுகநாதர் மெய்மறந்து இருந்ததால் கோட்டை விழுந்தது என்கிறார் பேச்சாளர். நடந்தது என்ன? ஆற்காட்டு நவாபு முகமது அலிக்குக் கப்பம் வேண்டும். கிழக்கிந்தியக் கும்பெனிக்கு நவாபிடமிருந்து பணம் வேண்டும். அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு ஒரு பக்கமிருந்து ஜோசப் ஸ்மித்தும் மறுபக்கமிருந்து பான்ஜோரும் படையோடு நெருங்கினார்கள். பீரங்கியோடு இருபுறமும் வந்த படையின் முன்னால் காளையார்கோவில் விழுந்தது. மன்னர் போர்க்களத்தில் மாண்டார். இளைய ராணியும் அன்று அவரோடு மாண்டார்.

சிவகங்கைக்காக உயிர் போன பெண் அவர். அவர் கையில் ஆயுதம் இருந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. தப்பிப் போகாமல் அங்கே இருந்தார், இறந்தார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அவர் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை, தோல்விக்கு அவரையே காரணமாக்குவதா? கும்பெனிப் படைத்தலைவர்களின் பெயரைக்கூடச் சொல்லாமல் கௌரி நாச்சியாரின் பெயரை மட்டும் மூன்று முறை சொன்ன உரையை, வரலாறு என்ற பெயரில் கேட்கக் கூசுகிறது.

மூத்த ராணி வேலு நாச்சியாரைப் புகழ்ந்துவிட்டுத்தான் இதைச் சொன்னேன் என்று அவர் பதில் தரலாம். அதுவே கோளாறு. மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சிக்குப் போய், ஹைதர் அலியின் உதவி பெற்று, மருது சகோதரர்களோடு 1780இல் சீமையை மீட்ட வேலு நாச்சியாரைக் கொண்டாட, பக்கத்தில் இன்னொரு பெண்ணைத் தாழ்த்திக் காட்ட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? ஒரு மனைவியை வீராங்கனையாக்க மற்றவளை மோகினியாக்கும் பழக்கம் நம் மேடைகளுக்குரியது. அந்த இரு பெண்களுக்கு நடுவே அப்படி ஒரு வழக்கு இருந்ததற்கு அவர் ஒரு ஆவணமும் காட்டவில்லை.

நான்காவது குற்றச்சாட்டுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு: ஏழு மனைவியரின் வழக்கு. இங்கே ஆவணம் ஏராளம். அதனாலேயே அவர் தவறு மன்னிக்க முடியாதது.

1801இல் கும்பெனி மருது சகோதரர்களோடு போரிட்டது. போர் நடக்கும்போதே படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டது. வெள்ளச்சியின் கணவர் வேங்கன் பெரிய உடையத் தேவரையும் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் மற்றவர்களோடு பினாங்குக்கு நாடு கடத்தியது. சுதந்திரச் சீமை ஜமீனாகச் சுருங்கியது அந்த ஆண்டில்தான். அழிவு என்று சொல்ல வேண்டுமானால் இதுதான் அழிவு. இதை நிகழ்த்தியவர்கள் எந்த அந்தப்புரத்திலும் இருந்தவர்கள் அல்லர்.

கௌரி வல்லபருக்கு மனைவியர் ஏழு பேர். 1829இல் அவர் இறந்தபோது அவர்களில் மூவர் உயிரோடு இருந்தார்கள். ஆண்பிள்ளை இல்லை, பெண்மக்கள் இருந்தார்கள். அவருடைய அண்ணன் ஓய்யாத் தேவர் அதற்கு முன்பே இறந்திருந்தார். அண்ணன் மகன் முத்துவடுகர் ஜமீனைக் கையில் எடுத்துக்கொண்டார். பிரியாத குடும்பம், ஆகவே ஆண்வழிக்கே சொத்து என்பது அந்தத் தரப்பின் வாதம். விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்தார். அவர் கேட்டது ஒன்றே. இந்த ஜமீன் மூதாதையர் சொத்து அல்ல. கும்பெனி என் கணவருக்குத் தனியாகக் கொடுத்தது. அவர் சுயமாகப் பெற்றது. ஆண்வாரிசு இல்லாதபோது அது விதவைக்கும் பிறகு மகளுக்கும்தானே வர வேண்டும்?

1850இல் அவர் நியாயம் கிடைக்காமலே இறந்தார். ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். சென்னையில் தோற்றும் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1863 நவம்பர் 30 அன்று அவர் பக்கம் தீர்ப்பானது. தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மகளின் கைக்குச் சீமை வந்தது. 1877இல் இறக்கும்வரை அவரே சிவகங்கையின் ராணி.

அந்தத் தீர்ப்பின் சாரம் இது: குடும்பம் பிரியாதிருந்தாலும், அதில் ஒருவர் தனியாகத் தேடிய சொத்து தனிச்சொத்து வழியில்தான் இறங்கும், மகன் இல்லையென்றால் விதவைக்கு, பிறகு மகளுக்கு. சிவகங்கை வழக்கு என்ற பெயரில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இதைக் கடந்துதான் வருகிறார். மூரின் இந்திய மேல்முறையீடுகள் ஒன்பதாம் தொகுதியில், 539ஆம் பக்கத்தில் இருக்கிறது. எத்தனையோ ஊர்களில் பெயர் தெரியாத விதவைகளும் மகள்களும் தம் சொத்துக்காக இந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்திருக்கிறார்கள். நம் மண்ணின் இரண்டு பெண்கள், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, இந்தியா முழுவதற்கும் பெற்றுத் தந்த சட்டம் அது. அதற்குப் பெயர் அந்தப்புரச் சண்டையா?

சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விதவைகளுக்குள்ளும் மகள்களுக்குள்ளும் பூசல் இருந்தது. தனித்தனி வழக்குகளும் நடந்தன. அதற்கும் காரணம் உண்டு. ஜமீன் என்பது பங்கு போட முடியாத சொத்து. முழுவதும் ஒருவருக்கே போகும். மற்றவர்களுக்கு மிச்சம் ஜீவனாம்சம். அதுவும் பட்டத்தில் இருப்பவர் மனம் வைத்தால். ஏழு பெண்களை மணந்து, ஒரே ஒருவருக்குத்தான் நாளை என்று சொல்லும் ஏற்பாட்டைச் செய்தவர்கள் யார்? ஏழு பேரில் எந்தப் பெண்ணிடமாவது இந்த ஏற்பாடு சரியா என்று கேட்டார்களா? தோற்றால் பிச்சை, வென்றால் சீமை என்ற நிலையில் நிறுத்தப்பட்டவர்கள் போராடியதைக் குணக்கேடு என்கிறார் பேச்சாளர். அதே முப்பத்து நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஜமீனைக் கையில் வைத்திருந்து, அதை விடாமலிருக்க வழக்காடிய ஆண் தரப்பைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

தஞ்சையில் இதே காலத்தில் நடந்ததையும் பார்க்கலாம். 1855இல் இரண்டாம் சிவாஜி மகன் இல்லாமல் இறந்தார். கும்பெனி அரசை மட்டுமல்லாமல் அரண்மனையின் தனிச்சொத்தையும் நகையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. எதிர்த்து வழக்காடியவர் விதவை ராணி காமாட்சி பாய். சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1859இல் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் கேட்க முடியாது என்று தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1862இல் அரசே அந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அரண்மனையைக் காக்க ஆண் எவரும் இல்லாதபோது நின்றவர் அந்த ராணிதான்.

பட்டத்து ராணிகளோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பேச்சாளரின் இளக்காரம் அதிகமாக விழுந்தது ஆசைநாயகிகள் மேல்தான். அவருக்கு முத்தாம்பாளை நினைவூட்டுகிறேன். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காதற்கிழத்தி. தம் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. சேதுவுக்கு நீராடப் போகும் வழியில் பசித்தவர்க்குச் சோறு போட்ட இடம் அது. தஞ்சை அவையில் பிரதாபசிம்மரின் காதற்கிழத்தியாக வாழ்ந்த முத்துப்பழனி, தெலுங்கில் ராதிகா சாந்தவனம் என்ற காவியம் பாடியவர். அதில் தம் மரபைப் பாட்டி வழியாகச் சொல்லிக்கொண்டவர். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்தபோது ஆபாசம் என்று தடை வந்தது; 1947இல்தான் நீங்கியது. அரசனின் கிழத்தி என்ற ஒரே அடையாளத்துக்குள் இந்தப் பெண்களை அடைத்தால் சத்திரமும் காவியமும் எங்கே போகும்?

செட்டிநாட்டில் நின்றுகொண்டு இந்த வாதத்தை வைத்ததுதான் கூடுதல் வேதனை. திருமணத்துக்கு இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்திடும் ஊர் இது. பெண்ணுக்குக் கொடுத்த சீரைச் சாமான் சாமானாகப் பட்டியலிட்டு, அது அவளுடையது என்று எழுதி வைக்கும் ஊர். எழுத்தைப் பார்க்காமல் கணக்கை ஒப்புக்கொள்ளாதவர்கள் நாம். பெண்களின் மேல் பழி போடும்போது மட்டும் செவிவழிச் செய்தி போதும் என்று ஏன் இருக்கிறோம்?

சிவகங்கை சுதந்திர அரசாக இருந்தது முடிந்தது 1801இல், கும்பெனியின் கையால். ஜமீனாக இருந்தது முடிந்தது 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால். இந்த இரண்டு முடிவுகளில் எதிலும் எந்த மனைவியின் கையும் எந்த ஆசைநாயகியின் கையும் இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளையும் மறுக்க முடியாத ஒருவர், பெண்களால் கெட்டது என்ற வாதத்தைத் தொடர்ந்து பேச முடியாது.

அந்தக் கட்டுரையை இன்னும் பலருக்குக் கொடுப்பதற்கு முன் அவர் அதைத் திரும்பப் பெற வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலு நாச்சியாரின் வாளைச் சொல்லிக் கொடுக்கிறோம், நல்லது. அங்கமுத்து நாச்சியாரின் வழக்கையும் காத்தம நாச்சியாரின் தீர்ப்பையும் அதே பாடத்தில் சேர்க்க வேண்டும். இந்தச் சீமையின் பெண்கள் அதைக் கெடுத்தவர்கள் அல்லர். அதன்மேல் தங்களுக்கு உள்ள உரிமையைக் கேட்டவர்கள், கேட்டதைச் சட்டமாக்கியவர்கள்.